உபரித் துண்டு

அந்தப் படியில் உட்காராதீங்க ஆன்ட்டி, ஈரம். பாசி புடவையில் ஒட்டினால் ஜென்மத்துக்கும் போகாது. இந்தாங்க, இந்தத் துண்டை விரிச்சு உட்காருங்க. சங்கடப்படாதீங்க, உபரித் துண்டுதான். எங்க அம்மா தினமும் பையில் இரண்டு துண்டு வைத்து அனுப்புவாள். நீச்சல் குளத்தில் இறங்குவது ஒரே ஒரு ஆள். இரண்டு துண்டு, இரண்டு அவித்த முட்டை. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மறதி, வேறென்ன.

அந்த நீல நாற்காலியா? உட்காரலாம், ஆனால் உட்காராதீங்க. அது பூர்ணிமா ஆன்ட்டியுடையது. பெயர் எழுதவில்லை, இருந்தாலும் அவங்களுடையது. இன்றைக்கு ஏனோ ஆளைக் காணோம். அவங்க வந்தால் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கேட்டாலே தெரிந்துவிடும். "வாங்க வாங்க, புதுசா? பையன் எந்த ஸ்கூலு? ஹஸ்பண்டு என்ன பண்றாரு?" இப்படித்தான். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, 'ஹஸ்பண்டு' வரும்போது மட்டும் ஓர் அழுத்து அழுத்துவாங்க.

சிரிக்கிறீங்களே! நல்லா இருந்ததா? எனக்கு எல்லார் குரலும் வரும். பள்ளிக்கூடத்தில் ப்ரேயர் நடக்கும்போது மைக் பக்கம் போய் ஹெச்.எம். குரலில் "எல்லாரும் வகுப்புக்குப் போகலாம்" என்று சொல்லி, பாதிப் பாட்டில் மொத்தப் பள்ளியையும் கலைத்துவிட்டவள் நான். ஹெச்.எம்.மே இரண்டு அடி நடந்துவிட்டுத்தான் நின்றார். அதோ கேட்கிறதே, மோட்டார் ரூம் சத்தம், அதுகூட வரும். வேண்டாம், பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்.

என் பெயர் சம்யுக்தா. ப்ளஸ் ஒன். மூன்றாவது லேனில் சுவரை உதைத்துத் திரும்புகிறானே, அவன் என் தம்பி நிரஞ்சன். நிரு. உங்களுடையவன் எது, ஓரத்துக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மஞ்சள் தொப்பியா? பயப்படாதீங்க. நிருவும் அப்படித்தான் இருந்தான். இப்போது தண்ணீரை விட்டு ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

எதிர்க் கரையில் விசிலைக் கடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் டெரன்ஸ் சார். பொன்மலைக்காரர். ரயில்வே டீமில் நீந்தியவர். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை, எல்லாரும் அவருக்கு 'மேன்'தான். "என்னா மேன் கால் அது, வாழைத்தண்டா? உதை மேன், உதை! காவேரிக்காரன் காலா இது?" நாளைக்கு உங்க பையனையும் இப்படித்தான் சொல்வார். மனசில் வைத்துக்கொள்ளாதீங்க. ஒரு தடவை நீச்சல் சங்கத்துச் செயலாளர் குரலில் அவருக்கு ஃபோன் போட்டு, நாளைக்குப் பார்வையிட வருகிறோம் என்றேன். மறுநாள் ஷூவும் டையுமாக வந்து, வேர்த்து வழிய நின்றார் பாவம். தண்ணீரில் மிதந்துகொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஆமாம், அப்போது நானும் தண்ணீரில்தான் இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனா?

முதலில் முறை பற்றிச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு முக்கியம். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், மாட்டிக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். வாடகைக் குடித்தனத்தில் முறைவாசல் என்று உண்டில்லையா, இன்றைக்கு இந்த வீட்டுக்காரர் கூட்ட வேண்டும், நாளைக்கு அந்த வீட்டுக்காரர் என்று? அதே மாதிரி இங்கேயும். டீமில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. முறைக்காரர் விடிவதற்கு முன்னால் வந்து, பிள்ளைகள் இறங்கும்போது தொப்பியை எண்ண வேண்டும், ஏறும்போது எண்ண வேண்டும், நடுவில் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். கேலரியை விட்டு நகரக் கூடாது. அக்கா அண்ணன் செல்லாது. "தண்ணி மேன் இது. பெத்தவங்க கண்ணு வேணும்."

நல்ல சட்டம்தான். வீட்டில் இரண்டு பேர் இருந்தால்.

எங்கள் வீட்டில் ஒருத்திதான். அப்பா பிரிந்து போய் ரொம்ப நாளாகிறது. நீங்க கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், இங்கே எல்லாரும் கேட்பார்கள். அவர் குரல் ஒன்றுதான் எனக்கு வராது. முயற்சி பண்ணிப் பார்த்தேன். வருகிற மாதிரி இருக்கும், கடைசியில் மாமா குரலில் வந்து நிற்கும். போகட்டும்.

அம்மா ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். லேபில் உட்கார்ந்துகொண்டு இல்லை, வீடு வீடாகப் போய். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறவர்கள் எப்போது கொடுப்பார்கள்? காலையில். டெரன்ஸ் சார் பிள்ளைகளை எப்போது தண்ணீரில் தள்ளுவார்? காலையில். எங்கள் வீட்டுக் கதை மொத்தமே அவ்வளவுதான் ஆன்ட்டி. ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு தில்லைநகர், புத்தூர், உறையூர் என்று பறப்பாள். ஒவ்வொரு வாசலிலும் காபி குடிக்காத ஒரு பெரியவர் நின்றுகொண்டிருப்பார். புத்தூரில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருக்கிறார். "ஏம்மா, சர்க்கரைக்காரனைப் பட்டினி போட்டே கொன்னுடலாம்னு பாக்குறியா? நரம்பு உள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு, இப்ப வந்து தேடு!"

அம்மா அதற்கும் சிரிப்பாள். "ஒளிஞ்சா கண்டுபிடிச்சிடுவோம் சார், கையை மடக்குங்க." யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

இந்த ஃபோனைப் பார்த்தீங்களா, கண்ணாடி உடைந்தது? இது அம்மாவின் பழைய ஃபோன். ஊசி கையில் இருக்கும்போது அவளால் எடுக்க முடியாது என்பதால், டீமில் சேர்க்கும்போது இந்த நம்பரைத்தான் கொடுத்தாள். இது எப்போதும் என்னிடம் இருக்கும். "யாராச்சும் கூப்பிட்டா, அம்மா வேலைல இருக்காங்கன்னு சொல்லிடுடி." நானும் அப்படித்தான் சொன்னேன். யார் கேட்டார்கள்? "அம்மாகிட்ட குடும்மா." "அம்மாகிட்ட குடு." "அம்மா இல்லையா? எப்பதான் இருப்பாங்க?" எத்தனை நாள்தான் பதில் சொல்வது? ஒரு நாள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

"ஹலோ, வசுமதி பேசறேங்க."

அப்படியே இருக்கிறது இல்லையா? நீங்க எங்க அம்மாவைக் கேட்டதில்லை, கேட்டால் அசந்துபோவீங்க. தொண்டையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. 'சின்னதா ஒரு வலி இருக்கும்' என்று சொல்லி ஊசியை இறக்குவதற்கு முன்னால் எடுப்பாளே, அந்த மூச்சு. பால்காரரிடம் பேசினாலும் அதை எடுத்துவிட்டுத்தான் பேசுவாள். அதைப் பிடித்துவிட்டால் போதும், அம்மா வந்துவிடுவாள்.

எவ்வளவு சௌகரியம் தெரியுமா! டெரன்ஸ் சார் என்னை 'மேடம்' என்றார். நானும் விடவில்லை. "எங்க சம்மு ரொம்பச் சேட்டை பண்றாளா சார்?" என்றேன். "சேட்டைதான் மேடம். ஆனா அந்தப் பொண்ணு பட்டர்ஃப்ளை அடிச்சா தண்ணியே ஒதுங்கி வழி விடுது" என்றார். பட்டர்ஃப்ளை தெரியுமில்லையா, இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கிப் போட்டு நீந்துவது? பார்க்க அழகாக இருக்கும், செய்தால் தோள் கழன்றுவிடும். நான் அதில்தான் இருந்தேன். என் முகத்துக்கு நேராக அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. வாழைத்தண்டுதான். அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டு, சும்மா கண்ணாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போதெல்லாம் எங்களைப் பூர்ணிமா ஆன்ட்டி காரில்தான் கூட்டி வருவாங்க. அவங்க பெண் தர்ஷிகா என் வயது, எங்கள் வழிதான் அவங்களுக்கும். எங்கள் முறையையும் அவங்களே பார்த்துக்கொள்வாங்க. பதிலுக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமையில் அவங்க மாமியாருக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துக் கொடுப்பாள். அம்மாவாகப் போட்ட கணக்கு அது. "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுடி, நாமளும் ஏதாச்சும் செய்யணும்" என்பாள். சேதாரம் இல்லாமல் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு நாள் அவங்களுக்கு என்ன மனத்தாங்கலோ, ஃபோன் போட்டாங்க. "வசுமதி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்களும் வீட்டைப் போட்டுட்டுத்தான் வர்றோம். ஒத்த ஆளு, கஷ்டந்தான், எனக்குப் புரியுது. அதான் சொல்றேன். முடிஞ்சவங்கதானே சேர்க்கணும்? ரெண்டு பிள்ளைகளையும் எதுக்கு டீம்ல சேர்த்துவிட்டீங்க?"

அம்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். 'ஆமாங்க பூர்ணிமா, அடுத்த முறைக்கு நானே வந்துடறேங்க' என்று குழைந்திருப்பாள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அதனால் அம்மா சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். சின்ன மூச்சு எடுத்துவிட்டுத்தான் சொன்னேன். "எங்க வீட்ல ஆளு இல்லை, அது ஊருக்கே தெரியும். உங்க வீட்லதான் இருக்காரே, அவரை ஒரு நாளைக்கு முறைக்கு அனுப்புங்களேன் பூர்ணிமா. இருக்காருன்னு நாங்களும் நம்பணும்ல?"

பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாங்க ஆன்ட்டி! நிரு கட்டிலில் புரண்டு புரண்டு சிரிக்கிறான், நான் தலையணையால் அவன் வாயை அடைக்கிறேன்.

மறுநாள் கார் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாருங்க, ஒரு வார்த்தைக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான் அவங்க மனசு. அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன், "விடும்மா, அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று. இவளானால் அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு போய் அவங்க வாசலில் நின்றாள். வேலைக்கார அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாளாம். திரும்பி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சோஃபாவில் உட்கார்ந்தாள். "ஏதோ கோவமா இருக்காங்கடி. நான் என்ன செஞ்சேன்னே தெரியலை."

"நீ ஒண்ணும் செய்யலைம்மா" என்றேன். அது உண்மைதானே?

அப்புறம் ஸ்கூட்டிதான். நடுவில் நிரு, பின்னால் நான், முன்னால் ஐஸ் பெட்டி. போலீஸைப் பார்த்தால் நான் முன்னாடியே குதித்து நடப்பேன். எங்களை இறக்கிவிட்டுப் போக வேண்டும், முறை நாளில் கடைசி வரை உட்கார வேண்டும், அதனால் எல்லா வீட்டுக்கும் தாமதம். தாசில்தார் லேபுக்கு ஃபோன் போட்டுவிட்டார். லேப் மேனேஜர் ரொம்ப மரியாதைக்காரர். "மேடம், பேஷன்ட்டுங்க காத்திருக்க மாட்டாங்க மேடம். வேலைக்கு வர்றவங்க நிறையப் பேரு காத்திருக்காங்க மேடம்." இதை அம்மா சொல்லவில்லை. வண்டியை நிறுத்திப் பேசும்போது பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சித்தியிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. "முடியலடி" என்றாள். அவ்வளவுதான் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான்.

முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்றுதானே? யாரை நிறுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி? பையனையா நிறுத்துவார்கள்? சின்னவன், செல்லம், வீஸிங் வேறு, டாக்டரே நீந்தச் சொன்னார். சரி, என்னைத்தான் என்று வைத்துக்கொண்டேன். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள். சொல்லவே இல்லை. தினமும் தலையில் எண்ணெய் வைத்து, முட்டையை உரித்துக் கொடுத்து, "தோளை நல்லா நீவிக்கிட்டு இறங்குடி" என்கிறாள். மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இப்படி இருக்கிறவர்களை என்ன செய்வது?

அதனால் நானே டெரன்ஸ் சாருக்குப் போட்டேன்.

"சார், வசுமதி பேசறேங்க. சம்யுக்தாவை நிறுத்திடலாம்னு பார்க்கறேன் சார். ரெண்டு பேரு என்னால முடியலை."

சும்மா ஆழம் பார்க்கத்தான். கத்துவார் என்று நினைத்தேன். 'என்னா மேடம் பேசறீங்க? அந்தப் பொண்ணை விட மாட்டேன்!' என்று கத்துவார் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, 'சரி சார், உங்களுக்காக' என்று.

 அவர் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஓகே மேடம். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். தண்ணீரே ஒதுங்கி வழி விடுகிற பெண்ணுக்கு அவ்வளவுதான் மரியாதை! மறுநாள் என் லேனில் தர்ஷிகா நின்றாள். ஏன் மேன் வரலை என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்க மாட்டார். "பெத்தவங்ககிட்டதான் பேசுவேன் மேன். பிள்ளைங்ககிட்ட கேட்டா, எல்லாத்துக்கும் ஆமாம்னுதான் சொல்லும்." அது அவர் கொள்கை.

அம்மாவா? அவளிடம், "எனக்கு போரடிக்குதும்மா, ப்ளஸ் ஒன் வேற, நின்னுட்டேன்" என்றேன். கையில் பாதி உரித்த முட்டை. "நிஜமாவாடி?" என்றாள். "நிஜமா மேன்! ரொம்ப போர் மேன்!" என்றேன், டெரன்ஸ் சார் குரலில். நிரு சிரித்தான், அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் அந்த முட்டையை ரொம்ப நேரம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி இல்லை. 'நிஜமாவாடி' என்பதெல்லாம் ஒரு கேள்வியா? நீங்களே சொல்லுங்க.

இன்னொரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், என் பழைய நீச்சல் உடையை விரித்து வைத்துக்கொண்டு, "சம்மு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி" என்று ஆரம்பித்தாள். ஏதோ அறிவுரை என்று நினைத்து, நான் அவள் கையைப் பிடித்து, அவள் குரலிலேயே, "கையை மடக்குங்க, சின்னதா ஒரு வலி இருக்கும்" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கேட்க வந்ததை அதோடு மறந்துவிட்டாள். அவ்வளவு சுலபம் ஆன்ட்டி அவளைத் திசை திருப்புவது.

மறதி என்றேனே, இந்தப் பையைப் பாருங்க. அடியில் கறுப்பாக ஒன்று இருக்கிறதே, புது நீச்சல் உடை. கடையில் ஒட்டின சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான் நின்ற பிறகு வாங்கியது! பழையதைவிட ஒரு சைஸ் பெரியது. தினமும் எடுத்து பீரோவில் வைப்பேன், மறுநாள் காலையில் பார்த்தால் திரும்பப் பைக்குள் இருக்கும். பை அடுக்கும்போது தூக்கக் கலக்கம் அவளுக்கு.

இப்போது முறைக்கு நானே உட்காருகிறேன். 'பெத்தவங்க கண்ணு வேணும்' என்றவர், இப்போது என் கண்ணே போதும் என்கிறார். எங்கள் மேல் இரக்கமாம். தண்ணீரில் இருந்தவளை மேலே ஏற்றி, மற்ற பிள்ளைகளின் தொப்பியை எண்ண வைத்துவிட்டு, அதற்குப் பெயர் இரக்கம்.

இருங்க. ஃபோன் அதிருது.

ஐயோ, அங்கே பாருங்க, எதிர்க் கரையில்! டெரன்ஸ் சார் காதில் ஃபோன். இங்கே என் மடியில் அதிருது. இங்கேதான் இருக்கிறோம், அவர் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! சிரிக்காதீங்க, அவர் பார்த்துவிடுவார். அந்தத் தூணுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். நீங்க உங்க பையனையே பார்த்துக்கொண்டிருங்க.

வந்துவிட்டேன். ஒன்றும் இல்லை.  

தர்ஷிகாவுக்குக் காதில் சீழாம். ஒரு மாதம் தண்ணீரே ஆகாதாம். நாற்காலி ஏன் காலி என்று இப்போதுதான் புரிகிறது. மாநிலப் போட்டிக்கு நாலு பேர் நாலு விதமாக நீந்துகிற ரிலே இருக்கிறது, அதில் பட்டர்ஃப்ளைக்கு ஆள் இல்லை. "உங்க பொண்ணைத் திருப்பிக் குடுங்க மேடம்" என்கிறார். "உங்க கஷ்டம் தெரிஞ்சும் கேக்கறேன். அந்த லேன்ல வேற ஆளு நின்னாலும், எனக்கு அது காலியாத்தான் தெரிஞ்சுச்சு மேடம்." இப்படிப் பேசத் தெரிந்த மனுஷன், அன்றைக்கு இதைச் சொன்னால் என்ன? பயிற்சி முடிந்ததும் பெயர்களை அனுப்ப வேண்டுமாம். அதற்குள் சொல்ல வேண்டுமாம்.

என்ன சொன்னேன் என்று கேட்கிறீங்களா? 'சரி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன் ஆன்ட்டி. அந்தச் சின்ன மூச்சை எடுத்தேன். என்ன வந்தது தெரியுமா?

"அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

நான் யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அம்மா அப்படியெல்லாம் சொல்கிறவளே இல்லை. எங்கேயோ பிசகிவிட்டது. எனக்கு யார் குரலும் இப்படிப் பிசகினதில்லை.

சரி. கேட்கட்டுமே. ஒரே ஒரு தடவை கேட்கட்டும், பார்ப்போம். அவளுடைய நிஜ நம்பருக்குப் போடுகிறேன். எடுக்க மாட்டாள், பாருங்க. இந்த நேரத்துக்கு யார் கையையாவது கட்டிக்கொண்டிருப்பாள். ரிங் போகிறது...

"அம்மா... இல்லை, ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருக்கான். இல்லைம்மா, தண்ணியிலதான் இருக்கான். சும்மாதான். கை பட்டுடுச்சு. வச்சிடறேன்."

கேட்டதா உங்களுக்கு? நான் காதில்தான் வைத்திருந்தேன், இருந்தாலும் உங்களுக்கே கேட்டிருக்கும். எடுத்த எடுப்பில், "நிருவுக்கு என்னாச்சு?" ஹலோ இல்லை, சம்மு இல்லை. நிருவுக்கு என்னாச்சு! இதற்கு மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உடனே எடுக்க முடிகிறது. சம்முவுக்கு என்னாச்சு என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்க. எனக்கென்ன ஆகப்போகிறது, நான்தான் கரையில் உட்கார்ந்திருக்கிறேனே.

மறுபடியும் அதிருது. அம்மாதான். அடிக்கட்டும்.

இருங்க, முதலில் இதை முடித்துவிடுகிறேன். தூணெல்லாம் வேண்டாம், அவர் விசில்தான் ஊதிக்கொண்டிருக்கிறார்.

"சார், வசுமதி பேசறேங்க. கேட்டேன் சார். அவளுக்கு இஷ்டம் இல்லையாம்... ஆமாங்க, நல்லாக் கேட்டேன்... ரெண்டு தடவை கேட்டேன் சார். எதைக் கேட்டாலும் சிரிக்கிறா. நான் என்ன செய்யட்டும்?"

எப்படி? அப்படியே அம்மா இல்லையா? இந்தத் தடவை பிசகவே இல்லை. அம்மாவே கேட்டால் ஏமாந்துபோவாள். அவரைப் பாருங்க, ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பயிற்சி முடிகிறவரைக்கும் அந்த இடத்தில் வேறு பெயர் எழுதாமல் வைத்திருக்கிறாராம். வைத்திருக்கட்டும்.

இவள் விட மாட்டாள் போலிருக்கிறது. திரும்பத் திரும்ப அடிக்கிறாள். அந்தத் தாசில்தார் கையை நீட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார், "ஏம்மா, ஃபோன் பேசவா வந்தே?" என்று. களைத்தால் தானாக நிறுத்துவாள்.

நீங்க ஏன் எழுந்திரிச்சுட்டீங்க? உங்க பையன் இன்னும் ஏறவே இல்லையே. துண்டை எதுக்கு உதறி மடிக்கிறீங்க? என்கிட்ட எதுக்கு நீட்டறீங்க?

உட்காருங்க ஆன்ட்டி, படி ஈரம். நான்தான் முதலிலேயே சொன்னேனே, அது உபரி.